மஹின் இல்லாத வருஷத்துத் தோட்டம்

மின்வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலையில் ஃபர்ருக் முப்பத்தொரு வருஷம் இருந்தார். ஷிராஸ் நகரத்தில் அவர் கால் படாத முற்றம் குறைவு. கதவைத் தட்டி, "யா அல்லா" என்று குரல் கொடுத்து, வீட்டுப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்ள நேரம் விட்டு உள்ளே போவார். மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறதோ அங்கே நேராகக் கண் போகும். எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். எத்தனையோ வீட்டு ரோஜாக் கொடிகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கின்றன. முள்ளை விடுவித்துக்கொண்டாரே தவிர, பூவைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று. பூட்டிய வீட்டுக்கு மரத்தடியில் உட்கார்ந்து உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தவர் இல்லை அவர். மூன்று தடவையானாலும் நான்கு தடவையானாலும் திரும்பப் போய்ப் பார்த்துத்தான் எழுதுவார்.

தன் வீட்டு முற்றத்தையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். அது மனைவி மஹினுடையது. நடுவில் நீல ஓடு பதித்த தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி ஜெரேனியம் தொட்டிகள், இரண்டு நாரத்தை மரங்கள், சுவரோரம் முகம்மதி ரோஜா, இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ. சாயங்காலம் அங்கே உட்கார்ந்து டீ குடிப்பார். டீ நன்றாக இருக்கும்.

மகள் ரூதாபேக்கு மாண்ட்ரியலில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது மஹின் புறப்பட வேண்டியதாயிற்று. ஆறு மாதம் என்று பேச்சு. போவதற்கு முந்தைய நாள் அவள் ஃபர்ருக்கை முற்றம் முழுக்க அழைத்துக்கொண்டு சுற்றினாள். எதற்கு எவ்வளவு தண்ணீர், எதை எப்போது வெட்டுவது, எந்த மண்ணுக்குள் எந்தக் கிழங்கு தூங்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவள் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொன்னதுல என்ன மனசுல நின்னுச்சு, சொல்லு பார்ப்போம்."

"தண்ணி ஊத்தணும்."

அவள் அவரை மல்லிகைத் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு, "சரி, மத்ததெல்லாம் அதுங்க பாட்டைப் பார்த்துக்கும். இந்த மல்லிகையை மட்டும் காப்பாத்து" என்றாள்.

அந்த மல்லிகையை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் புஷெஹ்ர் கடற்கரையிலிருந்து மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தவள் அவள். அடுக்கு மல்லி. ஒரு பூவில் எண்ணி முடியாத இதழ். உஷ்ண பூமியின் செடி, ஷிராஸ் பனி அதற்கு ஆகாது. குளிர் தொடங்கும் ஆசர் மாதத்து முதல் மழை விழுந்ததும் தொட்டியோடு உள்ளே தூக்கிவிட வேண்டும் என்று விமான நிலையத்திலும் ஒரு முறை சொன்னாள்.

மழை விழுந்தது. ஃபர்ருக் தொட்டியைப் பார்த்தார். பெரிய மண்தொட்டி, அவருக்கோ இடுப்புவலி. நாளைக்கு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஷிராஸ்காரன் சொல்லும் 'நாளை' எந்த நாள்காட்டியிலும் இல்லை என்று இஸ்ஃபஹான்காரர்கள் கேலி செய்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எட்டு நாள் நாளையாகவே போயிற்று. ஒன்பதாம் நாள் காலையில் முற்றத்து நீலத் தொட்டியின் தண்ணீர்மேல் கண்ணாடி போல ஓர் ஏடு படிந்திருந்தது. மல்லிகையின் இலைகள் வெந்நீரில் போட்டு எடுத்த கீரையாய்த் தொங்கின.

இடுப்பு வலியைப் பார்க்காமல் அவரே தொட்டியை உள்ளே இழுத்துப் போட்டார். ஹீட்டர் பக்கத்தில் வைத்தார். ஒரு வாரத்தில் இலையெல்லாம் கருகி உதிர்ந்தது. தண்டை நகத்தால் கீறினால் உள்ளே விறகு நிறம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மஹின் அழைப்பாள். அங்கே அப்போது காலை எட்டு மணி, பிள்ளைகள் பால் குடித்துத் தூங்கும் நேரம். படத்தோடு பேச முயன்றால் பாதியில் அவள் முகம் உறைந்து நின்றுவிடும். குரல் போதும் என்று விட்டுவிட்டார்கள். அவர் வழக்கப்படி பிள்ளைகள் நல்லா இருக்காங்களா என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றாள். பிறகு அவள் முறை.

"மல்லிகையை உள்ள கொண்டு போனியா?"

"கொண்டு போயிட்டேன்."

அது பொய் இல்லை.

"இலை உதிருதா?"

"கொஞ்சம்."

"மஞ்சளாகி உதிருதா, பச்சையாவே உதிருதா?"

"மஞ்சள்" என்றார்.

"அப்படின்னா தண்ணி ஜாஸ்தி. குறைச்சுக்கோ."

போனை வைத்தார். முப்பத்தொரு வருஷம் செய்யாததை, பார்க்காத வீட்டுக்கு எண் எழுதுவதை, இன்றைக்கு நாக்கு கூசாமல் செய்தாயிற்று. மல்லிகை விஷயத்தில் இனி அவரால் திரும்ப முடியாது. சொன்னால் கண்காணாத தேசத்தில் உட்கார்ந்து அவள் அழுவாள். ஆனால் மற்றவற்றிலாவது பார்க்காமல் ஒரு சொல் சொல்வதில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். அலமாரியில் எழுதாத மீட்டர் நோட்டு ஒன்று கிடந்தது. வீட்டு எண், பழைய அளவு, புதிய அளவு என்று கோடு போட்ட நோட்டு. வீட்டு எண் இருந்த இடத்தில் செடியின் பெயரை எழுதினார். பெயர் தெரியாதவற்றுக்கு 'சுவரோரம் மூன்றாவது' என்று எழுதினார். காலை டீயோடு ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று.

மஹின் கேட்கும் கேள்விகளோ நுணுக்கமானவை. நர்கிஸ் பூக்கிழங்கு முளைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டு நிறுத்த மாட்டாள். முளை நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பாள். ஒரு வாரம் பதில் இல்லாமல் தடுமாறினால் அடுத்த வாரத்துக்குள் குனிந்து பார்த்துவிடுவார். நடுக்குளிரில் நர்கிஸ் பூத்தபோது, தொட்டிக்கரையில் பதினொன்று விரிந்துவிட்டது, சுவரோரம் இரண்டுதான் என்று சொன்னார்.

"சுவரோரம் ஏன் கம்மி?"

"நிழல். பத்தரை மணி வரைக்கும் அங்க வெயில் எட்டாது."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போனைப் பார்த்தார்.

"பத்தரைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மஹின்.

"பார்த்தேன்."

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வந்துவிடுவதாக இருந்தவள் வரவில்லை. ரூதாபே வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, இலையுதிர்காலம் வரை இருக்க வேண்டும் என்றாள். சரி என்றார். தனியாகப் பண்டிகை விரிப்பு போட்டு, கடையில் வாங்கிய மீனும் சோறும் தின்றார். அந்த வாரம் நோட்டில் எழுத இடம் போதவில்லை என்பதால் துக்கம் கொஞ்சம் தள்ளி நின்றது.

நாரத்தை பூத்தது. ஊரே மணந்தது, ஒவ்வொரு வருஷமும் மணப்பதுதான். அந்த வருஷம்தான் அவர் பார்த்தார், போன வருஷத்துக் காய் பழுத்துத் தொங்கும் அதே கிளையில் இந்த வருஷத்துப் பூ விரிகிறது. பழையது இடம் விட வேண்டும் என்று புதியது காத்திருப்பதில்லை. அதை மஹினிடம் சொல்ல நினைத்து, அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார். விடியும்போது மரத்தடியில் படுக்கை விரிப்பை விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து நிழலில் காயவைத்தார்.

சித்திரை வெயில் ஏறியதும் முகம்மதி ரோஜாவின் இலைகளில் ஓட்டைகள் விழுந்தன. சாதாரணப் பூச்சி அரித்தது போல இல்லை. காகிதத்தில் துளையிடும் கருவியால் வெட்டியது போல வட்டம், ஓரம் பிசிறில்லாமல். பக்கத்து வீட்டு எஃபத் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். "மருந்து அடிங்க ஃபர்ருக் கான். மஹின் வருஷா வருஷம் அடிப்பா. விட்டா செடி மொட்டையாயிடும்."

அவர் அடிக்கவில்லை. குற்றவாளியைப் பார்க்காமல் தண்டிப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் காவல் இருந்தார். மூன்றாம் நாள் முற்பகலில் வந்தது. தேனீதான், ஆனால் கூட்டமில்லாமல் தனியாக. இலை விளிம்பில் கால் ஊன்றி, தையற்காரன் கத்திரி பிடிப்பதுபோல வாயால் ஒரு வட்டத்தை வெட்டி, அதை வயிற்றடியில் இடுக்கிக்கொண்டு பறந்தது. பச்சைப் பொட்டு ஒன்று தானாகப் பறப்பது போலிருந்தது. பின்னாலேயே போனார். பழைய மின்கம்பி இறங்கிய சுவர்த் துளைக்குள் அது நுழைந்தது. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. அன்றைக்கு மட்டும் பதினேழு முறை.

வியாழக்கிழமை மஹினிடம் முதலில் அதைத்தான் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"குஞ்சுக்கு மெத்தை தைக்குதா அது?"

"அப்படித்தான் நினைக்கிறேன். உள்ள சுருட்டி அடுக்கி வச்சிருக்கு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன்."

"இருபது வருஷமா அதுக்கு நான் மருந்து அடிச்சிருக்கேன்" என்றாள்.

இத்தனை உண்மைக்கும் நடுவில் ஒரு பொய் வளர்ந்துகொண்டிருந்தது. மல்லிகையை வெளியே எடுத்து வைத்தாயிற்று என்றார். எரு வைக்கச் சொன்னாள், வைத்தேன் என்றார். துளிர் விட்டதா என்றாள், விட்டது என்றார். கடைசியில் தாங்க முடியாமல் நாற்றுப் பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரர் பட்டுப்போன கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, செத்தவங்களுக்கு ஓதற ஃபாத்திஹாவை இதுக்கு ஓதிடுங்க" என்றார். அடுக்கு இல்லை, ஒற்றை மல்லிதான் இருக்கிறது, அடுக்குக்குப் புஷெஹ்ருக்குத்தான் போகணும் என்றார். ஃபர்ருக் இருந்ததை வாங்கிவந்து அதே மண்தொட்டியில் நட்டார்.

கோடையின் முதல் மாதம் முடிகிறபோது அது பூத்தது. அன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் நோட்டில், 'மல்லிகை, மூன்று பூ, ஒற்றை' என்று கை தானாக எழுதியிருந்தது.

"பூத்துச்சா?" என்றாள் மஹின்.

"பூத்துது. மூணு."

"எத்தனை அடுக்கு வந்திருக்கு?"

வாயைத் திறந்தார். எப்போதும்போல ஒரு பதில் வந்துவிடும் என்றுதான் நினைத்தார். நோட்டு மடியில் விரிந்து கிடந்தது.

"மஹின், அது உன் மல்லிகை இல்ல. உன்னோடது குளிர்ல செத்துப்போச்சு. யல்தா ராத்திரிக்கு முன்னாடியே, குளிர் ஆரம்பிச்சதுமே. நான்தான் உள்ள தூக்காம விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எஃபத் அப்பவே சொல்லிட்டா. மாடியிலேர்ந்து பார்த்திருக்கா."

"அப்ப ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதோட நீ பேச்சை நிறுத்தியிருப்பே. கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷத்துல நீ எங்கிட்ட அரைமணி நேரம் சேர்ந்தாப்ல பேசினது இப்பதான் ஃபர்ருக்."

வேறொருவர் அந்த வார்த்தைக்கு உருகியிருப்பார். ஃபர்ருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஏழு மாதம் ஒவ்வொரு வியாழனும் பயந்து பயந்து பொய் சொன்னதெல்லாம் அவள் கண்முன் நடந்த கூத்தா?

"செத்த செடிக்கு எரு வைக்கச் சொன்னியே."

"நீ வச்சேன்னு சொன்னியே."

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மறு வியாழன் போன் அடித்தது, எடுக்கவில்லை. அதற்கடுத்த வியாழன் அடிக்கவே இல்லை. எஃபத் ஒரு கிண்ணம் ஆஷ் கஞ்சி அனுப்பியிருந்தாள். அந்தக் கிண்ணத்தைக் கழுவி, உள்ளே ஒரு பேரீச்சம்பழம்கூட வைக்காமல் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட எஃபத்துக்குப் புரிந்தது. கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

கோபம் இருந்தாலும் செடிகளுக்கு அது தெரியாது. வெயில் நாற்பதைத் தாண்டியது. ஜெரேனியம் தொட்டிகள் தொட்டிக்கரையின் மேற்குப் பக்கம் கருகுவதைப் பார்த்து, எல்லாவற்றையும் மரநிழல் பக்கம் மாற்றி வைத்தார். சுவரோரம் தானாக முளைத்த அந்திமந்தாரைகள் ஆளுயரம் வளர்ந்திருந்தன. மேகமில்லாத நாளில் ஐந்தே காலுக்கு விரியும். புழுதிக்காற்றடித்து வானம் மங்கிய நாளில் நாலரைக்கே விரிந்துவிடும். அதை எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் பேனா நின்றது. யாரிடம் சொல்வதற்காக இதை எழுதுகிறோம்? சொல்ல ஆள் இல்லை. மூன்று வாரமாக இல்லை. இருந்தும் ஒரு நாள்கூட விடவில்லை, கேள்வியும் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. இது எப்போது தன்னுடையதாக ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தார். தேதி சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரமே சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற செடி ஒன்றில், சரியாக நடுவில் கோடு கிழித்தாற்போலப் பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக ஒரு பூ விரிந்தது. சிறிது நேரம் நின்றார். பிறகு அவரே போன் போட்டார். அன்று வியாழன்கூட இல்லை.

"மஹின், இன்னிக்கு ஒரு பூ."

"பாதிப் பாதியா?"

"ஆமா."

"எந்த ஓரம்? குழாய்க்குப் பக்கத்துச் செடியா?" என்றாள். அவ்வளவுதான் சமாதானம். மல்லிகையைப் பற்றி இருவரும் பேசவில்லை. மறுநாள் எஃபத் வீட்டுக்கு ஒரு கிண்ணம் நிறையக் காய்ந்த நாரத்தைப் பூ போயிற்று.

இலையுதிர்காலம் தொடங்கி மஹின் வந்துசேர்ந்தாள். மெலிந்திருந்தாள். வீட்டுக்குள் பையை வைத்துவிட்டு நேராக முற்றத்துக்குப் போனாள். மேலதிகாரி சோதனைக்கு வந்தால் எப்படிப் பின்னால் நடப்பாரோ அப்படி ஃபர்ருக் நடந்தார். புதிய மல்லிகையின் ஓர் இலையைத் தொட்டு, "நல்ல செடி" என்றாள். இடம் மாறிய ஜெரேனியங்களைப் பார்த்தாள். திட்டு வரும் என்று ஒரு நாள் காத்திருந்தார், இரண்டு நாள் காத்திருந்தார். அவள் மண்ணைத் தொடவே இல்லை. குளிர் இல்லாதபோதும் கம்பளிச் சட்டையை இறுக்கிக்கொண்டு தொட்டிக்கரையில் உட்கார்ந்திருந்தாள். சோறு வைத்தால் இரண்டு வாய்.

வெள்ளிக்கிழமை காலை டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், தெரிந்ததைப் பேசினார். மஞ்சள் சாமந்தி நேற்று நாலு, இன்று ஒன்பது. வெள்ளைக்கு இன்னும் ஒரு வாரம் பிடிக்கும், மொட்டின் நுனியில் பச்சை இருக்கிறது. சொல்லிக்கொண்டே திரும்பியவர், அவள் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்தார்.

"நான் புஷெஹ்ருக்குப் போயிட்டு வரேன். அடுக்கு மல்லி கிடைக்காமப் போகாது" என்றார்.

"மல்லிகை யாருக்கு வேணும்" என்றாள் மஹின். முகத்தைத் துடைக்கவில்லை. "ஒரு வருஷம் ஃபர்ருக். எத்தனை வியாழக்கிழமை. நீ செடியைப் பத்திச் சொன்னே, நான் கேட்டேன். பிள்ளைங்க நல்லா இருக்காங்களாம்பே. நல்லா இருக்காங்கம்பேன். அதுக்கு மேல ஒண்ணு, ஒரே ஒண்ணு கேட்டிருக்கியா?"

நீயும் சொல்லலியே என்பது நாக்கு வரை வந்தது. இலை மஞ்சளாகி உதிருதா, பச்சையாவே உதிருதா என்று கேட்டவள் அவள். அவர் அப்படி எதையும் கேட்கவில்லை. மீட்டரை மட்டும் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார், ஐம்பது முறை.

டீயை அவள் பக்கம் நகர்த்தினார். எதிலிருந்து தொடங்குவது என்று கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டு பேர்ல யாரு முதல்ல முழிப்பாங்க?"

மஹின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்ப்பது போலிருந்தது.

"தெல்சா" என்றாள். "ஆனா அழமாட்டா. படுத்தபடியே ஆரினைப் பார்த்துக்கிட்டு இருப்பா. அவன் கண்ணைத் திறந்தப்புறம்தான் ரெண்டும் சேர்ந்து அழும்."

"எவ்வளவு நேரம் பார்ப்பா?"

"ஒரு நாள் அரைமணி நேரம். நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன், மூச்சு விடாம."

முதல் பல் யாருக்கு என்று கேட்டார். ஆரினுக்கு, கீழே இடது பக்கம் என்றாள். முதல் இடிமழையின்போது என்ன செய்தார்கள் என்றார். தெல்சா ஜன்னல் கண்ணாடியை நக்கினாள், ஆரின் பயந்து மஹினின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சொல்லச் சொல்ல அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். கைகளால் அளவு காட்டினாள். டீ ஆறி, இன்னொரு டீயும் ஆறியது. மதியத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது, அடுப்பில் இன்னும் ஒன்றும் ஏற்றவில்லை.

"ஆரின் எந்தக் கையால சாப்பிடுவான்?" என்றார் ஃபர்ருக்.

மஹின் யோசித்தாள். அவள் முகம் சுருங்கியது. "தெரியலியே. நான் கவனிக்கலியே" என்றவள் எழுந்து போனை எடுத்து ரூதாபேயின் எண்ணைத் தேடினாள்.

"அங்க இன்னும் விடியல மஹின்."

"ஆமாம்ல" என்று போனைக் கீழே வைத்தாள். மறுபடி வந்து உட்கார்ந்து, அவன் கரண்டியைப் பிடிக்கிற விதத்தை நினைவிலிருந்து செய்துகாட்டத் தொடங்கினாள். முதலில் வலது கையில், பிறகு இடது கையில்.